நாலாம் வழி

தைப்பூசத்தன்று பிற்பகல் இரண்டே காலுக்கு, பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த மோகனாவின் வலது காதில் ஒரு தொலைபேசி அழைப்பு நுழைந்து, இடது காது வழியாகக் கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு நிமிடம் ஓடிய அந்தப் பேச்சில் இரண்டு பக்கத்தாரும் பேசியது அவள் வாயில்தான் வந்தது. தன் சொல் ஒன்றுகூட அவளால் பேச முடியவில்லை. சோறு குழைந்துவிட்டது.

காரணம் அவள் கணவன் சந்திரசேகரன். நேர் லைன் நிரம்பிவிட்டால் அழைப்பைச் சுற்றுவழியில் திருப்பிவிடும் பட்டியல் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் அவன் பொறுப்பில் இருந்தது. பினாங்கில் நாலு ஆகாத எண்; சீனர் வாயில் அது சாவு என்று ஒலிக்கும். மாடிக் கட்டடங்களில் மூன்றுக்குப் பிறகு மூன்று ஏ வருவதுபோல, அந்தப் பட்டியலிலும் பழைய ஆட்கள் நாலாம் வரிசையைக் காலியாகவே விட்டிருந்தார்கள். புதிய கணினி காலி வரிசையை ஏற்கவில்லை. புத்திசாலி மனிதன், அப்போதைக்குத் தன் வீட்டு எண்ணைப் போட்டுவைத்தான். அந்த லைனை வெட்டி ஆறு வருடமாகியிருந்தது அவனுக்கு நினைவில்லை. திருவிழாக் கூட்டத்தில் முதல் மூன்று வழிகளும் நிரம்பியதும் அழைப்பு வீட்டுக்கு வந்தது. வீட்டில் போன் இல்லை, மோகனா இருந்தாள்.

சீனப் புத்தாண்டுக்கு அறுபத்தோரு அழைப்புகள் வந்தன. தனக்குத் தெரியாத ஹொக்கியன் சீனத்தில் மோகனா சரளமாக வாழ்த்துச் சொல்வதைக் கேட்க அண்டை வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பயந்துபோய் அவள் ஃபெரி ஏறி, பாகான் டாலாமில் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடினாள். கடலைத் தாண்டியும் அழைப்புகள் அவளைத் தேடி வந்தன.

நோன்புப் பெருநாளன்று அவளுக்கு மூன்று மாதம். ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று அவள் வாயில் பேசிக்கொண்டிருக்க, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கிழவர் "ஹலோ, ஹலோ" என்றார்.

"ஒண்ணு நெறஞ்சா பக்கத்துல எது காலியோ அதப் புடிக்கும்," என்றான் சந்திரசேகரன்.

"எம்புள்ள என்ன லைனா?" என்று கேட்டாள் மோகனா.

அவன் மறுநாள் வரிசையை அழிக்க அனுமதி கேட்டு மேலாளர் ஸுல்கிஃப்லியிடம் நின்றான். அவர் வரிசை எண்கள் அச்சிட்ட பாரத்தை எடுத்துப் பார்த்தார். மூன்று, மூன்று ஏ, ஐந்து.

"இல்லாத வரிசைய எப்படித் தம்பி அழிக்கிறது? பாரத்துல நாலே இல்லலா."

ஆறு முறை கேட்டான், ஆறு முறையும் அதே பதில். ஆகவே மோகனாவுக்கு ஒரே வழிதான் மிஞ்சியது. அடுத்த அழைப்பு வருமுன் முந்தையது தன்னிலேயே முடிய வேண்டும், எதுவும் பிள்ளைக்குப் போகக்கூடாது. பேசுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் "சீக்கிரம் வச்சிருங்க" என்று தன் சொல்லைச் செருகினாள். அந்த வருடம் ஊரில் பாதிப் பேர் ஏனென்று தெரியாமல் பேச்சைச் சுருக்கினார்கள். அவளோ நாட்காட்டியில் அடுத்த பண்டிகைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

வலி தீபாவளிக் காலையில் வந்தது. பிரசவ அறையில் அவள் வாயில் ஈப்போவுக்கு ஒரு நீண்ட வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. வலிக்கு "அம்மா" என்று கத்தக்கூட வாய் காலியில்லை. சந்திரசேகரன் அவள் காலடியில் நின்று அழுதான். ஒன்பது நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. வாயைத் திறந்து, நடுவயது ஆண் குரலில், "அண்ணி, கெளம்பிட்டோம், பாலத்துல ஜேம். பதினொண்ணு ஆவும் போல," என்றது.

முதுகைத் தட்ட ஓங்கிய கையைத் தாதி நோர்மா இறக்கிக்கொண்டாள். மோகனாவின் வாயிலிருந்த ஈப்போக்காரர் அப்போதுதான் வைத்தார்.

"மிஸ்ஸி, எம்புள்ள அழுவாளா?" மோகனா தன் குரலில் கேட்டாள்.

"லைன் விடட்டும்லா, அழுவா," என்றாள் நோர்மா.

குழந்தையின் வாயில் அந்த அழைப்பு ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஓடியது. பிறகு குழந்தை தன் குரலில் வீறிட்டது. நோர்மா எடை போட்டு மூன்று கிலோ நூறு கிராம் என்று எழுதினாள். பிறந்த நேரத்துக்குக் கீழே அழுத நேரத்தையும் தனியாகக் குறித்தாள்.

குழந்தைக்கு ரூபினி என்று பெயர். இப்போது பேச்சு வந்துவிட்டது. அவள் தன் குரலில் பேசும்போதெல்லாம், மோகனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.