இறங்கும் படி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. பாலவனத்தத்தில் என் ஸ்கூட்டர் ஸ்டாண்டைப் பற்றவைக்கப் போன இடத்தில் ஒட்டுக்கேட்டது. அன்றிலிருந்து நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுத வரவில்லை. எழுந்தால் மறக்க வரவில்லை.

முதல் தொடக்கம் இது: 'வானம் பார்த்த பூமியில் ஒரு வெள்ளை பிக்கப் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு...'

(வேண்டாம். இந்தப் பக்கம் வண்டி போனால் புழுதி கிளம்பத்தான் செய்யும். அதைச் சொல்ல நான் எதற்கு?)

2

நல்லகண்ணு நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்ப்பவர். அவருடைய பிக்கப்பில் கம்பெனி கொடுத்தது பாதி, அவர் மாட்டியது பாதி. ஆடுகள் வழுக்காமல் நிற்கப் பழைய ரப்பர் பாய். குட்டிகளுக்குத் தனித் தடுப்பு. பக்கவாட்டில் குழாய் வைத்த தண்ணீர் கேன். வெயில் படாமல் இருக்க மேலே யார் வீட்டுக் காதுகுத்து பிளெக்ஸ் பேனரோ.*

* படம் உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருக்கிறார். அந்தக் குழந்தையின் சிரிப்பை ஆடுகள் மட்டும்தான் பார்க்கின்றன.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கட்டுரையாகியிருக்கும். நிறுத்த முடியவில்லை. வண்டியின் இடது கதவுக்குக் கீழே ஒரு இரும்புப் படி இருந்தது.

3

அது அவர் மனைவி மாரிக்கனிக்காக. சந்தையில் விலை பேசுவது மாரிக்கனிதான். ஆட்டின் முதுகைத் தடவியே எடை சொல்லிவிடுவார். மாசியில் எம்.ரெட்டியபட்டி சந்தையில் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து இடது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதன்பிறகு வண்டியில் ஏறவில்லை, சந்தைக்குப் போகவில்லை, வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. அவரை மறுபடி வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் நல்லகண்ணுவின் தவிப்பு.

அதனால் ஒலி முகம்மதுவின் வெல்டிங் பட்டறையில், நான் ஸ்டாண்டைப் பற்றவைக்கப் போன அதே இடத்தில், படி செய்யச் சொன்னார். பிறகு கதவுக்கு மேலே கைப்பிடி. பிறகு சீட்டுக்கு மெத்தை. மாரிக்கனி அசையவில்லை.

(மூன்றாவது பிரதியில் மாரிக்கனி கண்கலங்கி ஏறிவிடுகிறார். எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. பட்டறையில் நான் பார்த்தவர் அப்படிப்பட்ட ஆளே அல்ல.)

4

நான் பார்த்த அன்று மாரிக்கனி ஏறித்தான் வந்திருந்தார், குறை சொல்வதற்கென்றே. சீட்டில் இருந்தபடியே பேசினார்.

"பாய், இவுக செஞ்சதெல்லாம் ஏறுறதுக்கு. ஏற எனக்குத் தெரியும். நான் விழுந்தது எறங்கயில."

ஒலி முகம்மது கண்ணாடியைக் கழற்றிவிட்டு நல்லகண்ணுவைப் பார்த்தார். நல்லகண்ணு படியைப் பார்த்தார்.

"சேல கட்டிக்கிட்டு மேல இருந்து பாத்தா படியே தெரியாது. கால விட்டுத் துழாவணும். கைப்பிடிய உச்சியில வச்சா ஆச்சா? எறங்குறவளுக்குக் கீழ வேணும்."

"திரும்பி எறங்கேன், ஏணியில எறங்குற மாதிரி" என்றார் நல்லகண்ணு.

"சந்தையில அத்தன பேருக்கும் முதுகக் காட்டிக்கிட்டா?"

"அக்கா, ஒருக்கா எறங்குங்க" என்றார் ஒலி முகம்மது. "கை எங்க வந்து நிக்குதோ அங்க சாக்பீஸால குறிச்சுக்கிறேன்."

கைப்பிடி வைக்க வேண்டுமென்றால் கைப்பிடி இல்லாமல் ஒருமுறை இறங்கியாக வேண்டும்.

"பாத்து எறங்கு" என்றார் நல்லகண்ணு.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீக. பாக்க முடியாமத்தான் விழுந்தேன்."

நல்லகண்ணுவின் முகம் செத்துவிட்டது. மாரிக்கனி விழுந்த அன்று அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஆடுகளை இறக்கப் பின்பக்கம் போனவர் அவர். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது.

5

முடிவுகள்.

அ) நன்றாக இறங்கிவிட்டார். (எழுதுகிறவனுக்கு வசதி.)

ஆ) நல்லகண்ணு தூக்கி இறக்கினார். (பட்டறையில் நாலு பேர் முன்னால் தூக்கினால் மாரிக்கனி இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டார்.)

இ) இறங்காமலே வீடு திரும்பினார். (வீட்டில் எப்படி இறங்குவார்?)

உண்மையில் என்ன நடந்தது? அதற்குள் என் வேலை முடிந்து கிளம்பிவிட்டேன். பொய். வேலை எப்போதோ முடிந்திருந்தது. இன்னொரு முறை விழுவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஓடிவந்தேன்.

கதவு திறந்திருக்கிறது. ஒலி முகம்மது கையில் சாக்பீஸ். நல்லகண்ணு தன் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். மாரிக்கனியின் இடது கால் படியைத் துழாவுகிறது. இப்போது என்னைவிட நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஏதாவது செய்யுங்கள். 'பார்த்து' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.