புளியமரத்துப் புள்ளி

அந்தப் புளியமரத்தடியில் போலீஸ் நின்று இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் தாவீதின் வேனில் இருந்த பெட்டி தினமும் காலையில் அந்த இடம் நெருங்கினால் தவறாமல் கத்தும். கத்தட்டும் என்று விட்டு வைத்திருந்தவனும் தாவீதுதான்.

பெட்டி என்றால் ஜி.பி.எஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்கள் சலாஹுதீன் பாயுடையவை. துபாயில் இருந்த தம்பி மொஹசினிடம் சொல்லி வேனுக்கு ஒரு பெட்டி வரவழைத்தார். ரோட்டோரம் கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று அந்த ஊரில் அதுவே தெரிந்துவைத்துக்கொண்டு முன்கூட்டியே எச்சரிக்குமாம். இங்கே அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. தடாவுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் போலீஸ் எந்த மரத்தின் மறைவில் வேகம் பார்க்கிற கேமராவோடு நிற்கும் என்பதை டிரைவர்கள்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாட்டிக்கொண்ட டிரைவர் அந்த இடத்தைப் பெட்டியில் குறித்து வைப்பான். சனிக்கிழமை எல்லாப் பெட்டிகளும் பாயின் ஆபீசுக்கு வரும். கொஞ்சம் கம்ப்யூட்டர் பழகிய தாவீது, ஒருவன் குறித்த புள்ளியை மற்ற எல்லாருடைய பெட்டியிலும் ஏற்றிவிடுவான். ஒருத்தன் அழுத தண்டம் மற்றவனுக்குப் பாடம். அதற்கப்புறம் அந்த இடம் வருவதற்கு முன்பே பெட்டிக்குள் இருக்கிறவள் இங்கிலீஷில் அதட்டுவாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் துபாய் மாமியார்.

முன்பெல்லாம் எதிரே வருகிறவன் இரண்டு தரம் லைட்டை அடித்தால் போதும், போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். மாமியார் வந்த பிறகு பாயின் டிரைவர்கள் எவனும் அந்த லைட்டைச் சட்டை செய்வதில்லை.

புளியமரம் இருந்தது ஆரம்பாக்கத்துக்குச் சற்று முன்னால், தாவீது குடியிருந்த காலனிக்கு நேர் எதிரே. ரோடு நாலு வழியானதிலிருந்து காலனிப் பெண்களுக்கு அதைத் தாண்டுவதே பெரிய பாடு. எல்லாரும் ஆலைக்குப் போகிறவர்கள். கும்மிடிப்பூண்டிக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க அந்தப் பக்கம் போயாக வேண்டும். தாண்டுவதற்கென்று விட்ட இடைவெளி தூரத்தில் இருந்தது. போய்த் திரும்பினால் ஷிப்டு போச்சு. ஆகவே நடுத்திட்டில் ஏறி நின்றுகொண்டு, எப்போது இடைவெளி கிடைக்கும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

புளியமரத்தடியில் போலீஸ் நிற்க ஆரம்பித்து, அந்தப் புள்ளி பெட்டிகளில் ஏறிய பிறகு ஓர் அதிசயம் நடந்தது. பச்சைக் கோடு போட்ட பாயின் வேன்கள் புளியமரத்துக்கிட்டே வந்ததும் பெட்டிப்பாம்பாக அடங்கின. பின்னால் வருகிற வண்டிகளும் வேறு வழியில்லாமல் அடங்கின. பெண்கள் இதைக் கண்டுகொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பச்சைக் கோடு வரும்வரை திட்டில் காத்திருப்பார்கள். வந்ததும் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு இறங்குவாள், மற்றவர்கள் அவள் பின்னால் போவார்கள்.

"இன்னாய்யா, உங்க பாய் வண்டிங்க எல்லாம் எங்களப் பாத்து நிக்குது?" என்று ஒருநாள் சுகிர்தா கேட்டாள். சுகிர்தா அவன் பெண்டாட்டி, பவுடர் டப்பா செய்யும் கம்பெனியில் வேலை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தாவீது உண்மையைச் சொல்லியிருக்கலாம். போலீசுக்குப் பயந்து நிற்கிறது, உங்களுக்காக இல்லை என்று ஒரு வார்த்தை. ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"நான்தான் எல்லா டிரைவர் கிட்டயும் சொல்லி வெச்சிக்கிறேன். எங்க காலனி பொம்பளைங்க தாண்டுற எடம், பாத்துப் போங்கடான்னு."

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அவன் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும் நைனா, உன்னாலதான் என் மருமவ பயமில்லாம வேலைக்குப் போறா, நானும் போறேன்" என்றாள். தாவீதுக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுக்கு வரும்போதே நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. அதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினான்.

பிறகு போலீஸ் இடம் மாறிவிட்டது. வழக்கப்படி அந்தப் புள்ளியைத் தாவீது எடுத்திருக்க வேண்டும். எடுத்தால் வேன்கள் நிற்காது. பெண்கள் கையை நீட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான், அந்தப் புள்ளியை மட்டும் தொடாமல் எழுந்து வருவான். புலி வாலைப் பிடித்தவன் கதைதான்.

பாய்க்குப் புகார் போனது. ராபின் என்ற இன்னொரு டிரைவர் அங்கே திடீரென்று பிரேக் அடித்ததில், பின்னால் வந்த டிப்பர் மயிரிழையில் தப்பியது.

"இன்னா தாவீது, புளியமரத்தாண்ட போலீஸே இல்லன்றான் ராபின்?"

"நேத்துகூட நின்னுக்கினு இருந்தாங்க பாய்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் பாய்."

சலாஹுதீன் பாய் கெட்ட மனிதர் இல்லை. அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்மா சும்மா கொரைக்கிற நாயி, திருடன் வந்தன்னிக்கு கொரைச்சாலும் எவனும் எழுந்திருக்க மாட்டான்பா. பொய்ப் புள்ளி ஒண்ணு இருந்தா நெஜப் புள்ளி எல்லாம் கெட்டுப்பூடும். பாத்துக்க."

பெண்கள் தாண்டுகிறார்கள் பாய், அதற்காக விட்டு வைத்திருக்கிறேன் என்று அங்கேயே சொல்லியிருந்தால் அவர் தலையாட்டியிருப்பார். ஆனால் சொன்னால், இப்போது சொன்ன பொய் வெளியே வரும். ராபின் காதுக்குப் போகும், அவன் காலனியில் வந்து சிரிப்பான். பொய்யில் இதுதான் கஷ்டம். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது தேவைப்படும், இரண்டாவது வந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் வேறு வழியில் முயன்று பார்த்தான். "சுகிர்தா, அந்தாண்ட தள்ளி திட்டுல வழி வுட்டுக்கிறாங்க பாரு, அங்கயே போய்த் தாண்டுங்களேன். கொஞ்சம் சீக்கிரம் கெளம்பினா ஆச்சு."

"ஏன்? நீதான் சொல்லி வெச்சிக்கிறியே?"

"அதுக்கில்ல. மார்கழி மாசம், பனி எறங்குது."

"பனின்னாலும் பச்சைக் கோடு தெரியுதுய்யா. பேஜாரு பண்ணாத." அவள் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போய்விட்டாள். நாளைக்கு நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று தாவீது நினைத்தான். அந்த நாளை வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பொன்னேரியில் தங்கச்சி பெண்ணுக்கு நிச்சயம். பெட்டியையும் சாவியையும் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போனான். புள்ளி ஏற்றுகிற வேலையைப் பாயின் மகள் ஷஹனாஸ் பார்த்துக்கொண்டாள். அதற்கு முந்தைய இரண்டு நாள் காலையிலும் பாயே புளியமரத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பார்த்திருந்தார். பனியில் நடுத்திட்டும் அதில் காத்து நின்ற பெண்களும் அவருக்குத் தெரியவில்லை. போலீஸ் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. "அந்தப் புளியமரத்த எடுத்துடும்மா" என்றார். தாவீதிடம் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம், பொய் சொன்னதற்கு நாலு வார்த்தை கேட்கவும் வேண்டும் என்று இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை விடியலில் தாவீது எப்போதும்போல வேனை எடுத்துக்கொண்டு தடா வரை போனான். ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பினான். வயல் பக்கமிருந்து பனி ரோட்டின் மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. பின்னால் எல்லாரும் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். அவன் மனசு முழுக்கத் தங்கச்சி வீட்டு விஷயம்தான். மாப்பிள்ளை வீட்டார் முகம் கொடுத்தே பேசவில்லை.

மூன்று மாதமாக அவன் கண் ரோட்டைப் பார்த்தது, வேகத்தைக் காது பார்த்துக்கொண்டது. மாமியார் அதட்டினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அதட்டாவிட்டால் போகாது. புள்ளியைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியவனுக்கே அந்த இடம் எது என்று பெட்டிதான் சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கம் போன ஒரு லாரி இரண்டு தரம் லைட்டை அடித்தது. அடுத்த லாரியும் அடித்தது. தாவீது பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். அது சத்தமே போடவில்லை. போலீஸ் இல்லை, இவன்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்து அழுத்தினான்.

பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கை தெரிந்தது. நேராக நீட்டிய கை. அதற்குப் பின்னால் புடவை முந்தானைகள், சுகிர்தாவின் சிவப்பு ஸ்வெட்டர். லாரிக்காரர்கள் லைட்டை அடித்தது இவர்களுக்காக. கை நீட்டியிருந்தவள் முகத்தில் துளி பயமில்லை. பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்ட முகம் அது.

தாவீது மொத்தப் பலத்தையும் பிரேக்கில் போட்டான். வேன் கிறீச்சிட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டே போனது.

நின்றபோது பின்னால் ஆட்கள் அலறிக்கொண்டிருந்தார்கள். தாவீது இறங்கி ஓடினான். பெண்கள் திட்டோரமாக ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுகிர்தா ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கன்னியம்மாவின் தலை. கன்னியம்மாவுக்கு மூச்சில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. மருமகள் பக்கத்தில் விழுந்து அத்தை, அத்தை என்று உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி கத்தல" என்றான் தாவீது. "சுகிர்தா, பெட்டி கத்தல."

அவன் என்ன பெட்டியைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. வேனின் பச்சைக் கோட்டைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"எல்லா டிரைவர் கிட்டயும் சொல்லி வெச்சேன்னியே" என்றாள். "உங்கிட்ட நீ சொல்லிக்கலையாய்யா?"