மூன்றாவது அஞ்சலி

வில்லன் நடிகர் மலையுச்சியிலிருந்து விழுந்துகொண்டிருந்தபோது தயாரிப்பாளர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். நடிகரை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டு அவள் நாற்காலியைத் திருப்பினாள். அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் எல்லாருக்கும் அவள் கத்திரி. இத்தனை வருடம் படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டியதில், பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

"கத்திரி, சாயங்கால அஞ்சலியில இன்னொருத்தரையும் சேக்கணும். முந்தாநாள் போனாரே, அந்த ஆர்க்கிடெக்ட்."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"சினிமாவுக்கு ஒருத்தர், பாட்டுக்கு ஒருத்தர், கட்டடத்துக்கு ஒருத்தர். எப்படி அமைஞ்சு வருது பாருங்க." சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. "பாவம்" என்று சேர்த்துக்கொண்டார். "நேத்தே எல்லாம் முடிஞ்சிடுச்சாம். பொண்ணு ஸ்டுடியோவுக்கு வந்து பேச ஒத்துக்கிட்டாங்க, லைவ்ல. அதனால ஒண்ணே ஒண்ணு. மார்க்கெட் வேணாம்."

"அது அவரோட பெரிய வேலையாச்சே, சார்."

"பெரிய வேலதான். விழுந்துடுச்சே. செத்த வீட்டுல போய் அதையெல்லாம் கிளறுவாங்களா?"

கதவு சாத்திக்கொண்டது. நடிகர் இன்னும் அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தார்.

மார்க்கெட் விழுந்த காலையில் அதற்குள் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவளுடைய அண்ணன். இது நிலையத்தில் யாருக்கும் தெரியாது. அப்போது அவள் வேறொரு இடத்தில் வேலையில் இருந்தாள். இங்கே வந்தபோது சொல்லத் தோன்றவில்லை. பிறகு சொல்வதற்கான வேளை தாண்டிப்போய்விட்டது. அண்ணன் போனதும் அண்ணி பிறந்த வீட்டுக்குப் போவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. நாத்தனாரும் அண்ணியும் ஒரு கூரைக்குக் கீழே இத்தனை காலம் சண்டையில்லாமல் இருப்பது உலக அதிசயம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். சண்டை உண்டு. குழாயைச் சரியாக மூடாததற்கு, துணி காயப்போட்ட லட்சணத்திற்கு, எல்லாவற்றுக்கும் உண்டு. மார்க்கெட்டைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. முந்தாநாள் செய்தியில் கட்டடக் கலைஞரின் படம் வந்தபோது கூட அண்ணி எழுந்து போய் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். கத்திரி செருப்பைத் தேடுவதுபோல் கட்டிலுக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

நடிகருக்கான பகுதி ஏறக்குறைய முடிந்திருந்தது. வாழ்க்கை முழுக்கத் திரையில் செத்துக்கொண்டே இருந்தவர் அவர். குத்துப்பட்டு, சுடப்பட்டு, ரயிலிலிருந்து தள்ளப்பட்டு. அந்தச் சாவுகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டுக் கடைசியில், படப்பிடிப்பில் யாரோ எடுத்து வைத்திருந்த ஒரு துண்டை ஒட்டியிருந்தாள். தரையில் கிடந்த மனிதர் "போதுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்து போகிறார். பார்த்த ஒலிப்பதிவுக்காரர் சிரித்தார். சிரித்தபடியே மூக்கை உறிஞ்சினார். பாடகருக்கு இன்னும் எளிதாக அமைந்தது. பாட்டுகளை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அவள் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அவர் மூச்சை இழுக்கும் கணங்களை மட்டும் எடுத்து அடுக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பிறகு ஒரே ஒரு சொல், அதோடு வெட்டு. மிச்சத்தைக் கேட்பவர்களே மனதுக்குள் பாடிக்கொள்வார்கள். அந்தப் பாடகர் என்றால் அண்ணிக்கு உயிர். இன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அஞ்சலிக்காகவே வீட்டில் காத்திருக்கிறாள்.

மூன்றாவது ஆளிடம் வந்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூலகம் இருந்தது, பேருந்து நிலையம் இருந்தது, பிள்ளைகள் ஓடி விளையாடும் சாய்தளத்தோடு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் நடுவயதில் கட்டியது எதுவுமே இல்லாமல் இளமையிலிருந்து நேரே கிழவராகிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான்.

பழைய பதிவுகளில் ஒரு நேர்காணல் கிடைத்தது. விபத்துக்கும் வழக்குக்கும் பிறகு எடுத்தது. ஒளிபரப்பானபோது அந்தக் கேள்வியை நீக்கியிருந்தார்கள், மூலப்பதிவில் இருந்தது. "அந்த மார்க்கெட்டைப் பத்தி இப்ப என்ன நெனைக்கிறீங்க?" என்று குரல் கேட்கிறது. கட்டடக் கலைஞர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். எங்கோ ஒரு மின்விசிறி சுற்றும் ஓசை. கடைசியில், "அடுத்த கேள்விக்குப் போலாமா?" என்றார். கத்திரி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அந்த முகத்தில் திமிர் இருக்கும் என்று தேடினாள். இருந்திருந்தால் சுலபமாக வெறுத்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன் நிற்கும் பையனின் முகம் மாதிரிதான் இருந்தது. அந்த மௌனத்தை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் நடுவில் வைத்தாள்.

"அதைத் திருப்பிப் போடறீங்களா?"

பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கத்திரியின் வயதுதான் இருக்கும். தூங்காத கண்கள். கையில் விருந்தினர் அட்டை. சீக்கிரமே வந்துவிட்டதால் தயாரிப்பாளர் இங்கே அனுப்பியதாகச் சொன்னாள். கட்டடக் கலைஞரின் மகள்.

கத்திரி போட்டாள். அவள் நின்றபடியே பார்த்தாள். மின்விசிறியின் ஓசை வந்து போனது.

"இது ஏன் இதுல இருக்கு?"

"இது இல்லாம அவர் முழுசா இல்லைங்க."

"கேஸ்ல அப்பா மேல தப்பில்லன்னு தீர்ப்பு வந்தாச்சு. கான்ட்ராக்டர் பண்ணின வேல. தெரியுமில்ல?"

"தெரியும். தீர்ப்பு சொன்ன அன்னிக்கு நானும் கோர்ட்ல இருந்தேன். கடைசி வரிசை."

மகள் அவளை முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "யாரு?" என்றாள்.

"எங்க அண்ணன். எலக்ட்ரீஷியன்."

வெளியே யாரோ தள்ளுவண்டியில் விளக்குக் கம்பங்களை உருட்டிக்கொண்டு போனார்கள். மன்னிப்பு என்ற சொல் வந்துவிடுமோ என்று கத்திரிக்குப் பயமாக இருந்தது. வந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது.

அது வரவில்லை. "நான் முன்வரிசையில இருந்தேன்" என்றாள் மகள். பிறகு, "இதை எடுத்துடுங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். அம்மா வீட்ல டிவி முன்னாடி உக்காந்திருப்பாங்க."

"எங்க அண்ணியும் உக்காந்திருப்பாங்க" என்றாள் கத்திரி.

மகள் ஒப்பனை அறை எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

தான் செய்வது நியாயமா, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலையா என்று கத்திரியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குத் தொலைபேசினாள்.

"அண்ணி, இன்னிக்கு அந்தப் பாட்டுக்காரர் மட்டுமில்ல…"

"தெரியும். இப்ப கொஞ்ச நேரமா விளம்பரம் போட்டுட்டே இருக்கான்." அண்ணியின் குரல் சாதாரணமாக இருந்தது. "அந்த ஆளோட பங்கை நீதான் வெட்டறியா?"

"ஆமா."

"மார்க்கெட்ட காட்டுவியா?"

"காட்டக்கூடாதுன்னு உத்தரவு."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. "நான் அதை ஒரு தடவகூட உள்ள போய்ப் பாத்ததில்லடி. உங்கண்ணன் வந்து வந்து சொல்லுவார். காலையில வெளிச்சம் மேலேருந்து இறங்கறதைப் பாக்கணும், கண்ணு கூசாது, ஆனா இருட்டும் இருக்காது, அந்த மனுஷன் மாயக்காரன்னு. அந்த ஆளை அவ்ளோ புகழ்வார். போலாம் போலாம்னு தள்ளிப்போட்டேன். அப்புறம் பேப்பர்ல இடிஞ்சு கிடந்த போட்டோதான் பாத்தேன். நல்லா இருந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு இருந்தா, போடு. என்ன, உன்ன தூக்குலயா போட்டுடுவாங்க?"

இத்தனை வருடத்தில் அண்ணி மார்க்கெட்டைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் வழக்கம்போல, "வரும்போது சோப்பு வாங்கிட்டு வா" என்று வைத்துவிட்டாள்.

திறப்பு விழாப் பதிவு இருந்தது. விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒளிப்பதிவாளர் சும்மா சுற்றிச் சுற்றி எடுத்திருந்தார். உயரத்தில் வளைவு வளைவாகக் கூரை. அதன் இடைவெளிகள் வழியாக வெளிச்சம் நீர்போல வழிந்து இறங்கியது. கீழே காலிப் பெட்டிகள், தரையைக் கழுவும் ஒரு பெண், ஓரத்தில் ஓர் ஏணி. ஏணிமேல் யாரும் இல்லை. கத்திரி படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் தேடினாள். அண்ணன் எங்கேயும் இல்லை. தேடியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு அந்த வெளிச்சத்தை எடுத்தாள். இடிபாடு ஒன்றையும் தொடவில்லை. வெளிச்சம், அதையடுத்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் மனிதர். தயாரிப்பாளரிடம் காட்டாமலேயே ஒளிபரப்புக்கு அனுப்பினாள்.

அனுப்பிவிட்டு நேராக ஒப்பனை அறைக்குப் போனாள். மகள் கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"மார்க்கெட் வருது. நல்லா இருந்தப்போ எடுத்தது. உங்கப்பா பேசாம இருந்ததும் வருது. லைவ்ல திடீர்னு பாக்க வேணாம்னுதான் சொல்ல வந்தேன்."

"நன்றின்னு சொல்லணுமா?"

"வேணாங்க."

"நான் இப்பவே எழுந்து போய் உங்க தயாரிப்பாளர்கிட்ட சொல்லலாம்."

"சொல்லலாம்."

மகள் எழுந்தாள். கத்திரி வழிவிட்டு நின்றாள். வாசல்வரை வந்தவள், கழுத்தில் சுற்றியிருந்த ஒப்பனைத் துண்டை அவிழ்த்துக் கத்திரியின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். தாழ்வாரத்தின் முனையில் இடப்பக்கம் தயாரிப்பாளரின் அறை, வலப்பக்கம் ஸ்டுடியோ. எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதை விளக்குக் கம்பங்கள் மறைத்துவிட்டன.

கட்டுப்பாட்டு அறையில் கத்திரிக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போய்ச் சுவரோரம் நின்றாள். நடிகர் செத்துச் செத்து எழுந்தார். பாடகர் மூச்சிழுத்தார். அறையிலிருந்த யாரோ மெல்ல முணுமுணுத்து அந்தப் பாட்டின் மிச்சத்தைப் பாடினார்கள். பள்ளிக்கூடத்தின் சாய்தளத்தில் பிள்ளைகள் ஓடினார்கள். வெளிச்சம் இறங்கியது.

தயாரிப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னது இது? யாரு போட்டது?" திரும்பி அவளைப் பார்த்தார். "கத்திரி, உங்களுக்கென்ன பைத்தியமா? பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கு!"

"அவங்களுக்குத் தெரியும், சார்."

"தெரியுமா?" அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். திரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. படம் முடிந்து ஸ்டுடியோ வந்தது. நெறியாளர் தனக்குக் கொடுத்திருந்த கேள்வியைப் புன்னகையோடு ஆரம்பித்தார்: "ஒரு அப்பாவா அவர் வீட்ல எப்படி…"

"இருங்க" என்றாள் மகள். "அதுக்கு முன்னாடி, இப்ப காட்டினீங்களே, அந்த எடத்தைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்."

"விளம்பரத்துக்குப் போ" என்றார் தயாரிப்பாளர். பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அசையவில்லை. "போய்யா, விளம்பரம்!" பொத்தான்களுக்கு முன்னால் இருந்தவர் கையைத் தூக்கினார், அழுத்தாமல் அப்படியே வைத்திருந்தார்.

சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் திரைகள். ஒன்றில் மகளின் முகம், இன்னொன்றில் நெறியாளரின் தோளுக்கு மேலாக அவள் முகம். ஓரத்தில், ஒளிபரப்பில் இல்லாத ஒரு கேமரா கவனிப்பாரின்றித் தாழ்ந்து கிடந்தது. அதில் அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. எப்போதோ செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். வெறுங்காலின் விரல்கள் ஸ்டுடியோவின் பளபளத்த தரையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.