குமிழி விழாத கண்ணாடி

பாட்டில் தொழிற்சாலையின் உலைக்காரர் சிரித்தால் கண்ணாடியில் குமிழி விழுந்தது. இது தெரியாமல் முதலில் மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். மணலை மறுபடி மறுபடி கழுவினார்கள். உடைந்த பாட்டில்களை நிறம் பிரித்து, துடைத்து, அதன் பிறகே உலையில் போட்டார்கள். கண்ணாடிக் குழம்பின் மட்டம் ஒரு விரல்கூட இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். தீயைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் உலையைச் சுற்றிப் பார்த்து, செங்கல்லில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், செங்கல் என்ன செய்யும்?

கண்டுபிடித்தவள் பருந்து. பாட்டில்களை விளக்கின் முன் பிடித்துக் குறை தேடுகிற பெண்ணுக்கு அங்கே அதுதான் பெயர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்க்கிற பாட்டில்களில்தான் குமிழி என்றாள் அவள். மதியம்தான் உலைக்காரரின் மனைவி சாப்பாடு கொண்டுவருவாள். வந்தால் சும்மா இருக்க மாட்டாள். மாடி வீட்டுக்காரர் தும்முவதை நடித்துக் காட்டி, புருஷனுக்குப் புரையேறும்வரை விடமாட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குழம்பில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பிவிடும்.

மதியம் வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். இரவு வீட்டில் சிரித்தது காலைவரை அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. மானேஜர் நல்ல மனிதர், அதட்டவில்லை. உலையை அணைத்தால் குழம்பு உள்ளேயே இறுகிப் பாழாகிவிடும், உலையை மாற்ற முடியாது, ஆளை மாற்றலாம் என்று மட்டும் தன்மையாகச் சொன்னார். "உங்க வேலை போயிடக் கூடாது. கொஞ்ச நாள் அக்கா வீட்டுல இருக்கேன்" என்று மனைவி கிளம்பினாள்.

கொஞ்ச நாள் வருஷங்களாயிற்று. உலையும் அணையவில்லை, அவருக்கு லீவும் இல்லை. ஒற்றை ஆளாகச் சமைத்து, ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு, தண்ணீர்க் குழாயை மூடும்போது அதனிடம் ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படுப்பார். காலையில் நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துத் தீயைப் பார்ப்பார். குழம்பு தெளிந்தது. அடுத்த வருஷம் இன்னும் தெளிந்தது. கடைசியில் பாட்டிலே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. கடைகளில் பால் அதுபாட்டுக்கு நின்றது. ஜனங்கள் கை பட்டுத் தட்டிவிட்டார்கள், திட்டினார்கள், பிறகு பாட்டில் கழுத்தில் நூல் கட்டப் பழகிக்கொண்டார்கள். தொழிற்சாலைக்குப் பரிசு கிடைத்தது. விழாவுக்கு உலைக்காரரைக் கூப்பிடவில்லை. அவர் வந்துவிட்டால் உலையை யார் பார்ப்பது?

அக்கா வீட்டுக்கும் ஒருநாள் அந்தப் பால் வந்தது. மேசைமேல் தனியாக நின்ற பாலை மனைவி வெகுநேரம் பார்த்தாள். மனுஷன் எப்படி இருக்கிறார் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு நேராக உலைக்கே வந்து சேர்ந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னைவிட நன்றாகவே, மாடி வீட்டுக்காரரைப் போலத் தும்மிக் காட்டினாள். அவர் கவனமாகப் பார்த்துவிட்டு, "அவரு போன வருஷமே வீட்டைக் காலி பண்ணிட்டாரு" என்றார்.

அன்று மதியம் வார்த்த பாட்டில்களைப் பருந்து ஒவ்வொன்றாக விளக்கின் முன் திருப்பினாள். குமிழி இருந்தால் அந்தரத்தில் மிதப்பதுபோலத் தெரிந்திருக்கும். ஒன்றாவது இருக்காதா என்று கண் வலிக்கத் தேடினாள். இல்லை.

மானேஜர் சந்தோஷமாக வந்து மனைவியின் எதிரில் நின்றார். "இனிமே நீங்க தாராளமா தினமும் வரலாம்மா. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது."

இத்தனை வருஷம் அழாதவள் அதைக் கேட்டு அழுதாள். உலைக்காரர் அவள் முதுகில் கை வைத்தார். பிறகு தீயைப் பார்க்க எழுந்து போனார். மறுநாளும் அவள் சாப்பாடு கொண்டுவந்தாள், அவரும் சாப்பிட்டார். கண்ணாடி சுத்தமாகவே வந்தது.