பந்தித் துணை

ஆவணி பிறந்தாலே வானதிக்குப் பயம்தான். ஊரெல்லாம் கல்யாணம், கல்யாணமெல்லாம் பந்தி, பந்தியிலெல்லாம் அவள். இத்தனைக்கும் மாப்பிள்ளை யார், பெண் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். திருவிடைமருதூரில் ஒரு டியூஷன் சென்டரின் பின்னறையில் ஞாயிறுதோறும் சிலர் கூடுவார்கள். சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர்கள். பசிக்குச் சாப்பிடுகிறவர்கள் இல்லை. கோபம் வந்தால், அழுகை வந்தால், சும்மா இருந்தால்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறவர்கள். டாக்டர் கிடையாது, வாத்தியார் கிடையாது. ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். அங்கே கேட்டதை வெளியே மூச்சு விடக் கூடாது. நம் பக்கத்தில் விசேஷ வீட்டுப் பந்திதான் எமன் என்பதால் அவர்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். விசேஷத்துக்குப் போகிறவருக்குத் துணையாக இன்னொருவர் பக்கத்து இலையில் உட்கார வேண்டும்.

அந்த இன்னொருவர் யார்? வேறு யார், வானதிதான். கூட்டத்துக்கு வருகிறவர்களில் நாணு சாருக்கு முட்டி வலி. கமருன்னிஸாவுக்குக் கடையை விட்டு வர முடியாது. வானதிக்கு என்ன, புருஷன் சிங்கப்பூரில், பிள்ளைகுட்டி இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் லீவு கிடைக்கும். இப்படிச் சொல்லிச் சொல்லியே அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவளுக்கும் அதே நோய்தான் என்பது எல்லோருக்கும் மறந்தே போயிற்று. இனிப்பு ஒரு வாய் உள்ளே போனால் அப்புறம் அவள் தன் வசத்தில் இருக்க மாட்டாள். சர்க்கரை ஏறி, இடது கால் சுண்டுவிரலை எடுத்த பிறகுதான் அந்தப் பின்னறைக்கே வந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குத் திருவாரூரில் கல்யாணம். கூட்டத்துக்குப் புதிதாக வந்த கவிப்ரியாவின் தம்பிதான் மாப்பிள்ளை. மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற பெண் அவள். நீங்கள் வராவிட்டால் நான் செத்தேன் என்று போனில் அழுதிருந்தாள். வானதிக்கு உடம்பெல்லாம் அசதி. போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ் வரும்வரை யோசித்தாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

பந்தி நன்றாகத்தான் போயிற்று. கவிப்ரியா ஜாங்கிரியை ஓரமாக ஒதுக்கினாள், சாதம் கொஞ்சமாக வாங்கினாள். எதிர் வரிசையில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சமயத்தில் மேற்பார்வைக்கு வந்தார் நாகநாதன், சுற்றுவட்டார மண்டபங்களுக்கெல்லாம் சமையல் எடுத்து நடத்துகிறவர். வானதியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க பொண்ணு வீடுங்களா, மாப்பிள்ளை வீடுங்களா?"

எந்தக் கல்யாணத்திலும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவர் கேட்ட தினுசு வேறு. போன வாரம் மன்னார்குடியில் பார்த்தேனே, அதற்கு முன்னால் கும்பகோணத்திலும் பார்த்தேனே என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி அடுக்கினார். அக்கம்பக்கத்தில் சாப்பிடுகிற கைகள் நின்றன. ஓசிச் சாப்பாட்டுக்கு மண்டபம் மண்டபமாக அலைகிறவள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கவிப்ரியா தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கூப்பிட்டுத்தான் வந்தேன் என்று வானதி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எதற்குக் கூப்பிட்டாள் என்று அடுத்த கேள்வி வரும். மாமியார் வேறு எதிரிலேயே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

"சாப்பாட்டுக்குத்தாங்க வந்தேன்," என்றாள் வானதி.

மானம் கப்பலேறிவிட்டது. அதோடு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எழுந்து போயிருப்பாள். நம் ஜனங்களுக்கு அது வருமா? இலையில் உட்கார்ந்தவளை எழுப்பினால் பாவமாயிற்றே! கவிப்ரியாவின் அம்மா அமிர்தம் ஓடி வந்தாள். யாராக இருந்தால் என்ன, பசி என்று வந்தவளைப் போய் இப்படியா கேட்பது என்று நாகநாதனைக் கடிந்துகொண்டாள். தன் கையாலேயே ஜாங்கிரி வைத்தாள், இன்னும் ஒன்று வைத்தாள், பாயசம் ஊற்றச் சொன்னாள். அப்புறமும் நகரவில்லை.

"கூச்சப்படாம சாப்பிடும்மா. நான் இங்கயே நிக்கிறேன்."

சாப்பாட்டுக்கு வந்தேன் என்றவள் சாப்பாட்டை வேண்டாம் என்றால் யார் நம்புவார்கள்? உள்ளதைச் சொன்னால், அவளுக்கும் தின்ன ஆசையாகத்தான் இருந்தது. எத்தனை பேருக்குத்தான் காவல் காப்பது! சலித்துப் போயிற்று, தின்றுவிட்டே போகலாம் என்று தோன்றிவிட்டது. ஜாங்கிரியில் ஒரு துண்டு பிட்டு வாயருகே கொண்டுபோனாள்.

அவள் மணிக்கட்டைக் கவிப்ரியா பிடித்துக்கொண்டாள். எச்சில் கையாலேயே, அத்தனை பேர் பார்க்க.

"அம்மா, அவங்களுக்குப் போடாதம்மா. நான் கூப்பிட்டுத்தான் வந்தாங்க. எனக்குச் சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியல. அவங்களுக்கும்தான்."

அமிர்தத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதும் என்றால் போதும், இதற்குத் துணைக்கு ஓர் ஆளா என்று கேட்டாள். மாமியாருக்கு என்ன விளங்கியதோ, அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் இனி அந்த வீட்டில் நிம்மதி இருக்கப்போவதில்லை. மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, கவிப்ரியா பிடித்த கையை விடாமல் எழுந்தாள். வானதியும் எழுந்து அவள் பின்னால் போனாள்.

கை கழுவும் இடத்தில் வேறு யாரும் இல்லை. விரலிடுக்கில் ஒட்டியிருந்த பாகை வானதி தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நீ சொல்லியிருக்க வேண்டாம், என்னோடு போயிருக்கும் என்று முணுமுணுத்தாள். கவிப்ரியா குழாயை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்க சொந்தக்காரங்க விசேஷத்துக்குப் போனா, உங்க பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

பந்திக்குப் பயந்து தங்கை மகள் சடங்குக்குக்கூடப் போகாமல் இருந்ததுதான் வானதிக்கு ஞாபகம் வந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லியிருந்தாள். தங்கை இன்னும் பேசுவதில்லை. உனக்கு யார் துணை என்று இதுவரை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை.

"யாருமில்ல கவி," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.