துடைக்காத வானம்

ஆண்டிஸ் மலையடியில், எல்க்கிப் பள்ளத்தாக்கில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் ஓடிலியா. அவளைக் கண்டால் கோவேறு கழுதைகள்கூடத் தாமாகவே வாயைத் திறக்கும். அப்படிப்பட்டவளிடம் போய், ஊர் வானியல் சங்கத் தலைவர் ரிகோபெர்த்தோ, அவள் எடுத்த வானப் படத்தில் இருக்கும் அழுக்கைத் துடைத்தால்தான் ஆண்டு விழாக் கண்காட்சியில் சுவரில் இடம் என்றார்.

படம் தென்மகுட விண்மீன் கூட்டத்தில் எடுத்தது. நடுவில் நீல முகில். தானாக எரியத் துப்பில்லாமல், பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வாங்கிப் பூசிக்கொண்டு மினுக்குவது. அதைச் சுற்றி, அடிப்பிடித்த பால் போலப் பழுப்பாய் விண்வெளிப் புழுதி. நீலம் யாருக்கும் கிடைக்கும். அந்தப் புழுதிக்காகத்தான் அவள் குளிர்காலம் முழுக்க முற்றத்தில் கம்பளிக்குள் விறைத்துக் கிடந்தாள். மூக்கு உடைந்து விழாதது அதிசயம்.

"கேமராக் கண்ணாடியில தூசி, டாக்டரம்மா. கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டுனா போயிரும். என் படம் அத்தனையும் நான் அப்படித்தான் துடைக்கிறேன்," என்றார் ரிகோபெர்த்தோ.

"அதான் உங்க வானம் கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரை மாதிரி இருக்கு. நான் துடைக்க மாட்டேன்."

அவள் மாட்டேன் என்ற செய்தி அவள் வீடு திரும்புவதற்குள் ரொட்டிக் கடையைத் தாண்டி அர்ஜென்டினா எல்லை வரை போய்விட்டது.

ஓடிலியா மேற்கொண்டு வாதாடவில்லை. தொலைநோக்கியில் கேமராவைக் குறுக்காகத் திருப்பி மாட்டினாள். கேமராவில் ஒட்டிய அழுக்கு என்றால் கேமராவோடு திரும்பும். வானத்துப் புழுதி என்றால் நட்சத்திரங்களை விட்டு நகராது. அதே இடத்தை மறுபடி படம் பிடித்தாள்.

கண்காட்சியன்று, எல்லோர் கையிலும் பிஸ்கோ மதுக் கோப்பை இருக்கும்போது, இரண்டு படங்களையும் திரையில் ஏற்றி, நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரமாகப் பொருத்தினாள். பழுப்புப் புழுதி இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தது. ஒரே ஒரு சின்ன வட்டப் புள்ளி மட்டும் இடம் மாறித் தனியே நின்றது.

ரிகோபெர்த்தோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா? அழுக்கு."

"அந்தப் புள்ளி என்னோடது, ஒத்துக்கிறேன். மீதி ஆகாசத்தோடது. நீங்க இத்தனை வருஷமா துடைச்சு எறிஞ்சதும் அதுதான், தலைவரே."

அவர் சுவரில் பளிச்சென்று கறுத்துக் கிடந்த தன் படங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலை இறக்கி, அந்தப் புள்ளியையாவது எடுத்துவிடச் சொன்னார்.

"இருக்கட்டும். எது அழுக்கு, எது ஆகாசம்னு வர்றவங்க ஒப்பிட்டுப் பாக்கணும்ல?"

அவருடைய படத்துக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து, ஆணியைத் தானே அறைந்தாள். அந்த அடியில் ஆண்டிஸ் மலை ஒரு விரற்கடை பின்வாங்கியது.