முதல் வரிசை, ஓரத்து நாற்காலி

கல்லூரியின் புது இசையரங்கில், கடைசி வரிசை நாற்காலி ஒன்றில் சிமெண்ட் வியாபாரியின் பெயர்த்தகட்டைத் திருகி முடித்த நிமிடத்தில், ஊரின் மறுகோடியில் கடையில் உட்கார்ந்திருந்த அவருக்குப் பேச்சு நின்றுபோனது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் மருத்துவர். மறுநாள் அடுத்த வரிசை முடிந்தபோது ஒரு வக்கீலுக்கும் இரண்டு பல் மருத்துவர்களுக்கும் அதே கதி. எல்லோரும் பழைய மாணவர்கள், அரங்கத்துக்கு நன்கொடை கொடுத்தவர்கள். நாற்காலிக்கு ஒரு பெயர் என்பது அரங்கை வடிவமைத்தவளின் யோசனை. எழுத்தின் உயரம், கல்லூரிச் சின்னத்தின் நீலம், திருகாணியின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுவரை அவளே முடிவு செய்திருந்தாள்.

மூன்றாம் நாள் சிமெண்ட் வியாபாரி சண்டை போட நேரில் வந்தார். கையை ஆட்டி ஆட்டிக் களைத்து, தன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தவர், "எவன்டா இதை மாட்டினது?" என்று கணீரென்று கேட்டார். எழுந்தால் குரல் இல்லை, உட்கார்ந்தால் இருந்தது. தகட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். உட்கார்ந்தும் ஊமையானார். பதறிப்போய்த் திரும்ப மாட்டிய பிறகுதான் வசவு தொடர்ந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் கச்சேரிக்கு எட்டிப் பார்ப்பதில்லை என்பது கல்லூரி முதல்வரின் நெடுநாள் குறை. மிச்சத் தகடுகளையும் மாட்டச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல, வடிவமைத்தவள் அவர் அறை வாசல்வரை போனாள். ஆனால் திறப்பு விழாவுக்கு நான்கே நாள்தான் இருந்தது, திரும்பி வந்துவிட்டாள்.

"நம்ம வீட்ல யாரும் அங்க படிக்கலையே, நீ எதுக்குப் பயப்படுற?" என்றான் கணவன். அவளும் அப்படித்தான் நினைத்துத் தூங்கினாள். காலையில் அலுவலகத்தில் கோப்பைப் புரட்டியபோதுதான் மாதிரித் தகட்டின் ரசீது கண்ணில் பட்டது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெயர்ப்பட்டியல் வருவதற்கு முன்பே, எழுத்து எடுப்பாக இருக்கிறதா என்று பார்க்க மாதிரித் தகடு ஒன்று அடிப்பார்கள். அதில் ஏதாவது ஒரு பெயர் வேண்டும். அவள் தன் ஆறு வயது மகளின் பெயரைப் போட்டிருந்தாள். அந்தத் தகடும் மற்றவற்றோடு அதே பெட்டியில்தான் போயிருந்தது.

தகடு மாட்டும் தச்சர் போனை எடுக்கவில்லை. அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரங்குக்குள் ஓடினாள். அவர் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"பட்டியல்ல இல்லாத பேரு ஒண்ணு மிஞ்சுச்சும்மா. முதல் வரிசை ஓரத்துல ஒரு சீட்டும் காலியா இருந்துச்சு. பொருத்தமாப் போச்சு."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. கணவன். "பாப்பா பாடிக்கிட்டே இருந்தா, பாதியில நின்னுட்டா. வாயைத் திறந்து திறந்து மூடுறா. நீ உடனே வா."

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கச்சேரி நாளில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருப்பதில்லை. வக்கீல் தன் கட்சிக்காரர்களை அங்கேயே வரச் சொல்கிறார். சிமெண்ட் வியாபாரி இடைவேளையில் சம்பந்தியோடு போனில் சண்டையை முடித்துக்கொள்கிறார். கச்சேரி இல்லாத நாட்களில் சனிக்கிழமை மட்டும் அரங்கைத் திறந்துவிடுகிறார்கள். அவள் மகளைத் தவறாமல் கூட்டி வருகிறாள்.

போன சனிக்கிழமையும் வந்தாள். மகள் ஏறி உட்கார்ந்தாள். கால் இன்னும் தரையைத் தொடவில்லை.

"செவ்வாக்கிழமை ராத்திரி பயந்துபோய் உன்னைக் கூப்பிட்டேம்மா. ரொம்ப நேரம் கூப்பிட்டேன். நீ வரவே இல்ல."

"எனக்குக் கேக்கலடி கண்ணு."

"தெரியும்மா," என்றாள் மகள், காலை ஆட்டிக்கொண்டே. "பழகிடுச்சு."